ஓடும் காரிலிருந்தா, பாலத்தின் மேலிருந்தா? இன்டர்ஸ்டேட் 280-ஐ முழுமையாகப் படமெடுக்கும் வழிகள்

ஒரு ஃப்ரீவேயை அதன் முதல் எக்ஸிட்டிலிருந்து கடைசி எக்ஸிட் வரை படங்களாகப் பதிவுசெய்ய நினைப்பவர், எந்தக் கேமராவை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்பே, தாம் எங்கிருந்து படமெடுக்கப் போகிறோம் என்பதை முடிவுசெய்துவிட வேண்டும். டேஷ்கேமை முன்கண்ணாடியில் பொருத்திவிட்டுத் தாமே காரை ஓட்டலாம், வேறொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு முன்னிருக்கையில் கேமராவுடன் உட்காரலாம், ஃப்ரீவேக்கு மேலே செல்லும் பாலங்களிலும் அருகிலுள்ள குன்றுகளிலும் நின்று எடுக்கலாம், ட்ரோனைப் பறக்கவிடலாம். இந்த நான்கில் எதைத் தேர்ந்தாலும் ஏதோ ஒன்று கிடைக்கும், ஏதோ ஒன்று கைவிட்டுப் போகும். எது கைவிட்டுப் போனால் பரவாயில்லை என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு தேர்ந்தெடுப்பதுதான் நல்லது.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு சாலையை வைத்துப் பேசினால் வேறுபாடுகள் தெளிவாகும் என்பதால், கலிபோர்னியாவின் இன்டர்ஸ்டேட் 280-ஐ எடுத்துக்கொள்கிறேன். சான் ஹோசேயில் யு.எஸ். 101-உம் இன்டர்ஸ்டேட் 680-உம் கூடும் இடத்தில் தொடங்கும் இந்தச் சாலை, குபர்டினோ வழியாக மேற்கே சென்று, தீபகற்பத்தின் குன்றுகளை ஒட்டி வடமேற்காகத் திரும்பி, டேலி சிட்டியைக் கடந்து, சான் பிரான்சிஸ்கோவின் கிங் தெருவில் ஒரு போக்குவரத்து விளக்கின் முன் முடிகிறது. நீளம் சுமார் 57 மைல். ‘உலகின் மிக அழகிய ஃப்ரீவே’ என்ற பட்டம் இதற்கு நெடுநாளாகவே உண்டு. பக்கத்திலேயே விரிகுடாவை ஒட்டி ஓடும் 101-ஐயும் இதையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்தவர்கள் அந்தப் பட்டத்தை மறுக்க மாட்டார்கள். குபர்டினோ, சன்னிவேல் பக்கம் வாழும் தமிழர்களுக்கு இது அன்றாடம் வேலைக்குப் போகும் வழி. அதனாலேயே பலர் இதை நின்று பார்த்ததில்லை.

இந்தச் சாலையில் பதிவுசெய்ய வேண்டியவை மூன்று வகைப்படும். முதலாவது, இயற்கைக் காட்சி: லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ் தொடங்கிச் சான் புரூனோ வரை நீளும் புல்வெளிக் குன்றுகள், ஸ்டான்ஃபோர்டின் குன்றின் மேல் நிற்கும் 150 அடி விட்டமுள்ள ‘டிஷ்’ என்னும் வானொலித் தொலைநோக்கி, சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவின் பள்ளத்தாக்கிலேயே தேங்கி நிற்கும் கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் நீர்த்தேக்கம். இரண்டாவது, பலகைகள்: தலைக்கு மேலே தொங்கும் பச்சை வழிகாட்டிகள், ஓரத்து எக்ஸிட் பலகைகள், சாலை எண் தாங்கிய கேடயங்கள், பாலங்களில் எழுதப்பட்ட எண்கள். மூன்றாவது, இன்டர்சேஞ்சுகள்: சான் ஹோசேயில் 101-680 சந்திப்பு, 880-உம் 17-உம் கூடும் இடம், குபர்டினோவில் 85, குன்றின் விளிம்பில் 92, சான் புரூனோவில் 380, சான் பிரான்சிஸ்கோவில் மீண்டும் 101.

இந்த மூன்றும் பார்ப்பவர் முன் வெவ்வேறு வேகத்தில் கடந்து போகின்றன என்பதுதான் இந்த ஒப்பீட்டின் மையம். மணிக்கு 65 மைல் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் சுமார் 29 மீட்டர் நகர்கிறது. தொலைவிலுள்ள குன்று ஒரு நிமிடத்துக்கும் மேலாகக் கண்ணில் இருக்கும். தலைக்கு மேலுள்ள பலகையோ, தெளிவாகப் படிக்கக்கூடிய நூறு மீட்டர் தொலைவிலிருந்து முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் மறையும் முப்பது மீட்டர் தொலைவு வரை, இரண்டரை வினாடிக்கும் குறைவாகவே கிடைக்கும். இன்டர்சேஞ்சு வேறொரு சிக்கலைத் தருகிறது: எவ்வளவு நேரம் பார்த்தாலும், உள்ளே இருப்பவருக்கு அதன் வடிவம் தெரியாது. தூண்களும் பாலங்களின் அடிப்பாகமும்தான் தெரியும்.

டேஷ்கேம்

தனியாகச் செல்பவருக்கு டேஷ்கேம்தான் முதலில் தோன்றும் வழி. இரண்டு மணி நேரத்தில் போகவும் வரவும் முழுச் சாலையும் பதிவாகிவிடும், ஒரு பலகைகூட விடுபடாது, ஜி.பி.எஸ். வசதி உள்ள கருவி ஒவ்வொரு நொடிக்கும் இடத்தையும் நேரத்தையும் சேர்த்தே எழுதிவைக்கும். ஓட்டுநரின் கைகள் ஸ்டியரிங்கிலேயே இருக்கும். கலிபோர்னியச் சட்டப்படி வாகனம் ஓட்டுபவர் கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு பயன்படுத்தக் கூடாது என்பதால், தனியாகப் போகிறவருக்குச் சட்டத்துக்கு உட்பட்ட வழியும் இதுவே. கருவியைப் பொருத்தும் இடத்துக்கும் விதி உண்டு: முன்கண்ணாடியின் வலது கீழ்மூலையில் ஏழு அங்குலச் சதுரத்துக்குள்ளோ, மேல்விளிம்பின் நடுவில் ஐந்து அங்குலச் சதுரத்துக்குள்ளோ வைக்கலாம். மேல் நடுவில் வைப்பதே மேல். டேஷ்போர்டின் பிரதிபலிப்பு அங்கே குறைவு.

ஆனால் படத்தின் தரம் என்று வரும்போது டேஷ்கேம் பெரிதும் பின்தங்குகிறது. நான்கு மீட்டர் அகலமுள்ள பலகை ஒன்று ஐம்பது மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். கிடைமட்டமாக 120 பாகை பார்க்கும் 4கே டேஷ்கேமில் அந்தப் பலகை சுமார் 150 பிக்சல் அகலமே பெறும். அதே இடத்திலிருந்து, 24 மெகாபிக்சல் ஃபுல்ஃப்ரேம் கேமராவில் 70 மி.மீ. லென்ஸை வைத்து எடுத்தால் அந்தப் பலகை சுமார் 930 பிக்சல் அகலம் பெறும். ஊர்ப் பெயரைப் படிப்பதற்கு 150 போதும். எழுத்தின் வடிவம், பலகையின் ஓரத்தில் வெளுத்த நிறம், புதிதாக ஒட்டப்பட்ட தகடு ஆகியவற்றைப் பார்க்க அது போதாது. வீடியோவின் சுருக்க முறை, இருக்கும் பிக்சல்களையும் குழப்பிவிடுகிறது. குன்றுகளின் நிலை இன்னும் மோசம்: அகன்ற கோணத்தில் அவை அடிவானத்தில் ஒரு மெல்லிய கோடாகச் சுருங்கிவிடும், படத்தின் பாதியைச் சாலையின் கான்கிரீட்டும் மறுபாதியை வானமும் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே டேஷ்கேமைப் படத்துக்கான கருவியாகக் கருதாமல், அட்டவணைக்கான கருவியாகக் கருத வேண்டும். எந்தப் பலகை எந்த எக்ஸிட்டுக்கு முன்னால் வருகிறது, அதற்கு எந்த லேன் வசதியானது, எந்த மரம் எதை மறைக்கிறது என்பதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது.

முன்னிருக்கையில் கேமரா

வேறொருவர் ஓட்ட, முன்னிருக்கையில் அமர்ந்து முன்கண்ணாடி வழியாக எடுப்பது இரண்டாவது வழி. இதற்குத் தேவையானவற்றுள் மிக அரிதானது பொறுமையுள்ள ஓட்டுநர்தான். படமெடுப்பவருக்காக அவர் வேகத்தைத் திடீரெனக் குறைக்கவோ கடைசி நொடியில் லேன் மாறவோ கூடாது. எந்த எக்ஸிட்டுக்கு முன் எந்த லேனில் இருக்க வேண்டும் என்பதை வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். தலைக்கு மேலுள்ள பலகைகளுக்கு நடு லேன் ஏற்றது. வலது ஓரத்துப் பலகைகளுக்கு வலது லேன். காரில் இருவர் இருப்பதால் சான்டா கிளாரா கவுன்டிப் பகுதியில் கார்பூல் லேனில் போகலாமே என்ற ஆசை எழும். அது இடதுகோடி லேன் என்பதால் எக்ஸிட் பலகைகள் தொலைவாகவும் சாய்வாகவும் விழும்; வேகமாகப் போய்ச் சேர்வதைத் தவிர அதில் லாபமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்குத் தேவையும் இராது.

கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்துவிட்டு, டேஷ்போர்டின் மேல் பளபளப்பில்லாத கறுப்புத் துணியை விரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மீதிப் பிரதிபலிப்பைப் போலரைசர் ஃபில்டர் குறைக்கும். அதே ஃபில்டருடன் பக்கக் கண்ணாடி வழியாக எடுத்தால், சூடேற்றிக் கடினப்படுத்திய அந்தக் கண்ணாடியின் அழுத்தக் கோடுகள் வண்ணத் திட்டுகளாகப் படத்தில் தெரியும். ஆகவே பக்கவாட்டில் எடுக்கும்போது கண்ணாடியை இறக்கிவிட வேண்டும். ஃபோக்கஸைக் கையால் தொலைவுக்கு நிறுத்திவிடுவது அவசியம். தானியங்கி ஃபோக்கஸ் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பூச்சியைத்தான் முதலில் பிடிக்கும். நேரெதிரே வரும் பலகை பெரிதாகிக்கொண்டே வருமே தவிர, படச்சட்டத்துக்குள் அதிகம் இடம் மாறாது. எனவே 1/500 வினாடி ஷட்டர் போதும். பக்கத்தில் ஓடும் பொருளுக்கு 1/2000 வேண்டும். எல்.இ.டி. செய்திப் பலகைகளுக்கு இது தலைகீழ்: மிக வேகமான ஷட்டரில் அவற்றின் பாதி விளக்குகள் அணைந்தவையாகப் பதிவாகும் என்பதால் 1/100 அளவுக்கு இறங்க வேண்டியிருக்கும்.

எந்த நேரத்தில் போவது என்பது லென்ஸைவிட முக்கியம். சாலையின் பெயர்ப்படி திசை வடக்கு-தெற்குதான். உண்மையில் வடக்கு நோக்கிய வண்டி சான் ஹோசேயிலிருந்து குபர்டினோ வரை மேற்கே செல்கிறது, பிறகு வடமேற்கே. காலைச் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் அந்தத் திசைப் பலகைகள் அனைத்தும் முழு வெளிச்சத்தில் நிற்கும். டேலி சிட்டியைத் தாண்டியதும் சாலை கிழக்கே வளைகிறது. அங்கே அதே காலைச் சூரியன் கண்ணுக்கு நேரே வந்துவிடும். ஆகவே சான் பிரான்சிஸ்கோவுக்குள் இருக்கும் வடக்குத் திசைப் பகுதியைப் பிற்பகலுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, தீபகற்பப் பகுதியைக் காலையில் முடிப்பதே சரி. தெற்குத் திசைக்கு இந்தக் கணக்கு அப்படியே மாறும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே தாழ்ந்து நிற்பதால், நண்பகலில் தெற்கு நோக்கிப் போவதைத் தவிர்க்க வேண்டும்.

இந்த முறையின் பலன் என்ன என்பதற்கு ஒரு பலகையை அருகில் வைத்துப் பார்த்தால் போதும். கலிபோர்னியாவின் பழைய மேல்நிலைப் பலகைகளில், வெள்ளை எழுத்துகளின் கோடு நெடுகிலும் சிறு வட்டப் பிரதிபலிப்பான்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். சாய்வான காலை வெளிச்சத்தில் 70 மி.மீ. லென்ஸில் எடுத்தால், ஒவ்வொரு வட்டமும் தனித்தனியே தெரியும்; எங்கே ஒன்று உதிர்ந்து குழியாக நிற்கிறது என்பதுகூடத் தெரியும். இந்த வகைப் பலகைகளை எடுத்துவிட்டு, பிரதிபலிக்கும் தாள் ஒட்டிய புதிய பலகைகளை மாநிலம் தொடர்ந்து பொருத்திவருகிறது. எக்ஸிட் எண்களும் அப்படியே: கலிபோர்னியா 2002-இல்தான் முறையாக எக்ஸிட்டுகளுக்கு எண் கொடுக்கத் தொடங்கியது. மற்ற மாநிலங்களில் பலகையின் தலைமேல் தனித் துண்டாக நிற்கும் அந்த எண், இங்கே பெரும்பாலும் பலகைக்குள்ளேயே வலது மேல்மூலையில் அடக்கப்பட்டிருக்கும். தாங்கும் சட்டங்களின் மேல் காற்றின் அழுத்தம் கூடிவிடக் கூடாது என்பதே காரணம். பழைய பலகையில் பின்னால் ஒட்டப்பட்ட எண்ணையும் எண்ணோடே பிறந்த புதிய பலகையையும் ஒரு நல்ல படம் வேறுபடுத்திக் காட்டும். டேஷ்கேமின் 150 பிக்சலில் இரண்டும் பச்சைச் செவ்வகங்களே.

இருக்கையிலிருந்து பக்கக் காட்சிகளும் ஓரளவு கிடைக்கும். ஹில்ஸ்பரோ அருகே சான் மட்டேயோ ஓடையின் மேல் உயர்ந்து செல்லும் டோரன் பாலத்தில் வடக்கே போகும்போது, வலப்பக்கச் சரிவில், 1976-இல் கட்டப்பட்ட குமிழ் வடிவ ‘ஃப்ளின்ட்ஸ்டோன் வீடு’ ஆரஞ்சும் ஊதாவுமாகத் தெரியும். பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு மேலே அது கண்ணில் நிற்பது ஒரு சில வினாடிகள். கண்ணாடியை முன்பே இறக்கிவைத்து, பாலம் தொடங்கும்போதே தொடர்ந்து அழுத்தத் தொடங்கினால் ஒரு படமாவது தேறும். சாண்ட் ஹில் சாலை அருகே ஸ்லாக் ஆய்வகத்தின் இரண்டு மைல் நீள நேர்கோட்டுத் துகள்முடுக்கியின் மேலேயே ஃப்ரீவே கடந்து செல்கிறது. அங்கே பார்வைக்குக் கிடைப்பது ஒரு நீண்ட கூரை மட்டும், அதுவும் தலையைத் திருப்புவதற்குள் போய்விடும்.

நீர்த்தேக்கம்தான் இந்த முறையின் பெரிய தோல்வி. மரங்களும் மேடுகளும் அதை விட்டுவிட்டுத்தான் காட்டுகின்றன. ஓரத்தில் நிறுத்தி எடுத்துவிடலாமே என்று எண்ணவே கூடாது; அவசரத் தேவையின்றி ஃப்ரீவேயில் வாகனத்தை நிறுத்துவது கலிபோர்னியாவில் சட்டவிரோதம், அதைவிட அது உயிருக்கு ஆபத்து.

நின்று எடுப்பது

காட்சிக்கு நின்றுதான் ஆக வேண்டும். அதற்கு ஃப்ரீவேயிலேயே அனுமதிக்கப்பட்ட இடங்கள் உண்டு: கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் பகுதியில் ஓய்விடமும் காட்சிமுனையும் இருக்கின்றன. அதைவிடச் சிறந்தவை ஃப்ரீவேக்கு வெளியே இருப்பவை. நீர்த்தேக்கத்தின் கரையோரமாகச் செல்லும் சாயர் கேம்ப் நடைபாதையிலிருந்து, 1906 நிலநடுக்கத்தில் அசையாமல் நின்ற கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் அணையின் சுற்றுப்புறத்தையும், மேலே விரையும் ஃப்ரீவேயையும் சேர்த்தே பார்க்கலாம். ரெட்வுட் சிட்டி அருகே எட்ஜ்வுட் பூங்காவில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் செர்பென்டைன் மண்ணில் காட்டுப்பூக்கள் விரியும். அப்போது சாலையும் மலர்ச்சரிவும் ஒரே படத்துக்குள் அமையும். இந்தக் குன்றுகள் மழைக்குப் பின் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பச்சையாகவும், கோடையில் வைக்கோல் நிறமாகவும் இருப்பவை. கோடைப் பிற்பகலில் கடலிலிருந்து மூடுபனி மேற்கு முகட்டைத் தாண்டிப் பள்ளத்தாக்குக்குள் வழிந்து இறங்கும். அதைப் படமெடுக்க அரைமணி நேரமாவது ஓரிடத்தில் நிற்க வேண்டும். எந்தக் காரும் அதற்கு உதவாது.

இன்டர்சேஞ்சுகளுக்கும் நிற்பதே நல்லது, ஆனால் எல்லா இடத்திலும் நிற்க இடமில்லை. குபர்டினோவில் 2009-இல் திறக்கப்பட்ட டான் பர்னெட் பாலம், நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் மட்டுமே உரிய கம்பிவடப் பாலம். அது நேரே 280-இன் மேல் செல்கிறது, 85 சந்திப்பும் அருகிலேயே இருக்கிறது. அந்தி மறைந்த பின் அங்கே நின்று சில வினாடிகள் ஷட்டரைத் திறந்துவைத்தால் இரு திசை விளக்குகளும் வெள்ளையும் சிவப்புமாகக் கோடு போடும். கம்பிவலை குறுக்கே வரும் பாலங்களில், லென்ஸின் முகப்பை வலையின் ஒரு கண்ணோடு ஒட்டிவைத்து, லென்ஸின் ஒளித்துளையைப் பெரிதாகத் திறந்து எடுத்தால் கம்பிகள் மறைந்துவிடும். சான் பிரான்சிஸ்கோவில் 280-உம் 101-உம் பின்னிக்கொள்ளும் அலமேனி சந்திப்பை பெர்னல் ஹைட்ஸ் குன்றிலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கலாம். கிங் தெருவை நெருங்கும் பகுதியில் சாலை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்காகச் செல்கிறது. கீழடுக்கில் காருக்குள்ளிருந்து எடுக்கும் படங்கள் இருண்டே இருக்கும், பொட்ரெரோ ஹில் பக்கத் தெருக்களிலிருந்து எடுத்தால் இரு அடுக்குகளும் ஒன்றாகத் தெரியும். 1959-இல் நகரின் மேற்பார்வையாளர் குழு, திட்டமிடப்பட்டிருந்த ஃப்ரீவேக்களில் பெரும்பாலானவற்றை நிராகரித்தது. இந்தச் சாலையும் நகருக்குள் திடீரென நின்றுபோகிறது. சாலை முடியும் அந்த இடத்தைக் காட்டும் படம் இல்லாமல் 280-இன் பதிவு நிறைவடையாது.

நின்று எடுப்பதன் குறை, நேரம். பலகைகளை இப்படி எடுக்க முயல்வது வீண். பெரும்பாலான பலகைகளின் முகம் பாலத்தில் நிற்பவருக்குத் தெரியாது, ஃப்ரீவேக்குள் நடந்து போவதற்கோ அனுமதியில்லை.

ட்ரோன்

இன்டர்சேஞ்சின் முழு வடிவத்தைக் காட்டுவதில் ட்ரோனுக்கு இணையில்லை என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். எனினும் 280-க்கு அது கொஞ்சமே பயன்படும். சான் ஹோசே சந்திப்பு விமான நிலையக் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் வருகிறது. சான் புரூனோ பகுதி சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தின் வாசலிலேயே இருக்கிறது. முன்னனுமதி, 400 அடி உச்சவரம்பு, ஓடும் வாகனங்களின் மேல் பறப்பதற்கான கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்தால், மிஞ்சுவது பக்கவாட்டிலிருந்து எடுக்கும் ஒரு சில கோணங்களே. சான் புரூனோவுக்கு மேற்கே உள்ள ஸ்வீனி ரிட்ஜ் முகடு, தேசியப் பூங்கா அமைப்பின் நிலம்; அங்கிருந்து ட்ரோனை ஏற்றவே கூடாது.

மேலும், இன்டர்சேஞ்சு ஒன்றைப் பற்றி அமெரிக்காவில் எடுக்கப்பட்ட மிக வலுவான படங்களுள் ஒன்று இந்தச் சாலையின் தொடக்கத்திலேயே எடுக்கப்பட்டது. 101-ஐயும் 280-680-ஐயும் இணைக்க எழுப்பிய பாலங்கள் பணமில்லாமல் ஆண்டுக்கணக்கில் அந்தரத்தில் நின்றன. 1976 ஜனவரியில் நகரமன்ற உறுப்பினர் ஜோ கொல்லா, ஒரு பழைய செவ்ரோலே காரைக் கிரேனால் அந்த அறுந்த பாலத்தின் மேல் ஏற்றச் செய்து, அதனருகே நின்று படமெடுத்துக்கொண்டார். அந்தப் படம் ஊரெங்கும் பேசப்பட்டது. வேலை மீண்டும் தொடங்கி முடிந்தபின் சந்திப்புக்கு அவருடைய பெயரே வைக்கப்பட்டது. அந்தப் படத்தில் இன்டர்சேஞ்சின் முழு வடிவம் இல்லை. பாலத்தின் அளவைச் சொல்ல ஒரு காரும் ஒரு மனிதரும் இருந்தார்கள், அவ்வளவே. அத்தகைய அளவுகோல் ஒன்றைக் கண்டுபிடிக்க முடிந்தவருக்கு ட்ரோன் தேவைப்படாது.

என் தேர்வு

ஒரே ஒரு வழியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், நான் முன்னிருக்கையைத் தேர்வேன். காட்சிக்கும் இன்டர்சேஞ்சுக்கும் அதைவிட நல்ல வழி இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் குன்றுகள் அடுத்த ஆண்டும் பச்சையாகும். சந்திப்புகள் பல பத்தாண்டுகள் அப்படியே நிற்கும். பலகையோ ஓர் இரவுப் பணியில் இறக்கப்பட்டு, காலையில் அங்கே வேறொன்று தொங்கும்; பழையது எப்படி இருந்தது என்று சொல்ல ஒருவரிடமும் நல்ல படம் இருக்காது. முதலில் அழியப்போவதை முதலில் எடுக்க வேண்டும், அதைத் தெளிவாக எடுக்கக்கூடியது முன்னிருக்கை ஒன்றுதான்.

இரண்டு வழிகளுக்கு வாய்ப்பிருந்தால், முந்தைய வாரம் டேஷ்கேமை ஓடவிட்டு அட்டவணை தயாரித்துக்கொண்டு, பிறகு முன்னிருக்கையில் உட்காரலாம். இரண்டு கருவிகளின் கடிகாரங்களையும் நொடி பிசகாமல் ஒன்றாக்கிவிட்டால், கேமராப் படங்களுக்கு டேஷ்கேமின் ஜி.பி.எஸ். இடக்குறிப்புகளைப் பின்னர் சேர்த்துவிடலாம். படங்களுக்குப் பெயரிடும்போது எக்ஸிட் எண்ணோடு பாலங்களிலும் ஓரக் கம்பங்களிலும் உள்ள, கவுன்டிக்குள் எத்தனையாவது மைல் என்று காட்டும் போஸ்ட்மைல் எண்ணையும் எழுதிவைப்பது பயன் தரும். ஆனால் அது கவுன்டி எல்லையைத் தாண்டியதும் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்பதால், சான்டா கிளாராவா, சான் மட்டேயோவா, சான் பிரான்சிஸ்கோவா என்பதைச் சேர்த்தே குறிக்க வேண்டும்.

ஓட்டித்தர யாரும் கிடைக்காதவர், டேஷ்கேமின் படங்களையே இறுதிப் படங்களாக ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அவர் பலகைகளை நல்ல ஓட்டுநர் கிடைக்கும் நாளுக்கு ஒத்திவைத்துவிட்டு, டான் பர்னெட் பாலம், எட்ஜ்வுட், சாயர் கேம்ப், பெர்னல் ஹைட்ஸ் ஆகிய நான்கு இடங்களிலிருந்து தொடங்கலாம்; அவற்றில் எட்ஜ்வுட்டுக்கு மட்டும் மார்ச் மாதத்தைத் தவறவிடக் கூடாது.